பனிச்சறுக்குக்கு எங்கே போவது? குல்மார்க் முதல் செர்மாட் வரை முழுமையான வழிகாட்டி

உலகின் சிறந்த ஸ்கீ ரிசார்ட் எது என்று தேடினால் செர்மாட், ஷாமோனி, விஸ்லர், நிசேகோ, ஆஸ்பென் என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வரும். எல்லாமே அருமையான இடங்கள்தான். ஆனால் அந்தப் பட்டியல்கள் ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்களுக்காகப் போடப்பட்டவை. பனியையே பார்த்திராத ஒருவர் லட்சக்கணக்கில் செலவழித்து ஷாமோனியில் போய் இறங்கினால், வாரத்தில் பாதி நாள் செங்குத்தான மலையை அண்ணாந்து பார்ப்பதிலேயே போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் ஊர்ப்பெயர்கள் நாலாவது படியில்தான் வருகின்றன. எந்த மாதம், எப்படிப்பட்ட பனி, உங்கள் கால்களுக்கு ஏற்ற சரிவு எது என்பவற்றை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஊர் அதன்பின் தானாகவே அமையும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வட அரைக்கோளத்தில் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். அரையாண்டு விடுமுறையில் போகலாமே என்று நம்மில் பலருக்குத் தோன்றும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம்தான் உலகெங்கும் விலை உச்சத்தில் இருக்கும் வாரம். போதாததற்கு அப்போது பனியும் முழுசாகச் சேர்ந்திருக்காது. பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் ஆல்ப்ஸில் லிஃப்ட் வரிசை நீளும். இரண்டுக்கும் நடுவே ஜனவரி நடுப்பகுதியில் கூட்டம் வடிந்து, அறை வாடகை இறங்கி, பனியும் நன்றாக இருக்கும். அது சரியாக நம் பொங்கல் விடுமுறையை ஒட்டி வருகிறது. பொங்கலோடு இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்துப் போடுவதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

காஷ்மீருக்குக் கணக்கு வேறு. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிரை அங்குள்ளவர்கள் சில்லை கலான் என்கிறார்கள். குல்மார்க்கில் பனி குவிவது பெரும்பாலும் அந்த நாட்களில். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பெரும்பாலும் பனியில்லாமல் காய்ந்து கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்து சேர்ந்தது. ஆகவே ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும் வரையுள்ள நாட்களை எடுத்துக்கொண்டு, தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட்டாகப் போடுங்கள்.

மே மாத விடுமுறையில்தான் முடியும் என்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வடக்கே பருவம் முடிந்திருக்கும்; நியூசிலாந்து, சிலி போன்ற தெற்கு நாடுகளில் ஜூன் மாதம்தான் தொடங்கும்.

படி 2: பனியின் தரத்தைப் பாருங்கள்

உயரமான இடம் என்றால் நல்ல பனி என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஜப்பானின் நிசேகோவில் அன்னுபுரி மலையின் உச்சியே 1,308 மீட்டர்தான். நம் ஏற்காடு உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் உலகின் மிக மென்மையான தூள்பனி அங்கே விழுகிறது. காரணம், சைபீரியாவிலிருந்து கிளம்பும் உறைகாற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஹொக்கைடோ மலைகளில் மோதி அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஒரு பருவத்துக்குச் சராசரியாக 15 மீட்டர் அளவில் பனி விழுகிறது என்பது அந்த ரிசார்ட்டின் கணக்கு.

குல்மார்க் வடக்கே 34 பாகையில்தான் இருக்கிறது. அட்சரேகையில் இழந்ததை அது உயரத்தில் ஈடுசெய்கிறது: அடிவாரமே சுமார் 2,650 மீட்டர். ஆல்ப்ஸ் இரண்டுக்கும் நடுவில். அங்கே அடிவார ஊரின் உயரத்தை அவசியம் பாருங்கள். புகழ்பெற்ற ஹானென்காம் பந்தயம் நடக்கும் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் 800 மீட்டருக்கும் கீழே இருப்பதால், வெப்பமான ஆண்டுகளில் செயற்கைப் பனியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பிரான்சின் வால் தொரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. முன்கூட்டியே காசு கட்டி, தேதியை மாற்ற முடியாமல் போகும் நமக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆல்ப்ஸ் என்றால் 1,800 மீட்டருக்கு மேல் நிறைய சறுக்குத் தடங்கள் உள்ள ஊராகப் பாருங்கள்.

படி 3: நிறங்களைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு ரிசார்ட்டும் தன் வரைபடத்தில் தடங்களுக்கு நிறம் கொடுத்திருக்கும். பிரான்சில் பச்சை மிக எளிது. அடுத்து நீலம், சிவப்பு, கறுப்பு. சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் பச்சை இல்லை, நீலத்திலிருந்தே தொடங்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு. இந்த நிறங்கள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுக் கொடுத்தவை. ஆகவே ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் சிவப்பாக இருக்கலாம்.

முன்பதிவு செய்யும் முன் தட வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். அடிவாரத்தில் கற்றுக்கொள்வதற்கென்றே ஒதுக்கிய சரிவு இருக்கிறதா? நடுமலையிலிருந்து அடிவாரம் வரை எளிய தடத்திலேயே இறங்கி வர முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் புதியவருக்கு அது நல்ல ஊர்.

படி 4: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை குல்மார்க். ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். தங்மார்க் வரை சாதாரண வண்டி போகும். அதற்கு மேல் பனி பெய்தால் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் இடம் குளிர்காலத்தில் பழகுகிறவர்களின் மென்சரிவாகிவிடுகிறது. அங்கே இரண்டு மூன்று நாள் விழுந்து எழுந்த பிறகு, கொண்டோலா என்னும் கேபிள் காரின் முதல் கட்டத்தில் ஏறி, 3,000 மீட்டரைத் தாண்டியிருக்கும் கொங்தூரி வரை போகலாம். 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை ஏற்றிவிடும். அங்கிருந்து சறுக்குவது நன்கு தேறியவர்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் காட்சியைப் பார்த்துவிட்டு அதே கொண்டோலாவில் இறங்குங்கள். டிக்கெட்டை ஆன்லைனிலேயே முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். இன்னொன்று, பிற மாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது என்பதால் போஸ்ட்பெய்ட் எண் ஒன்று குழுவில் இருக்கட்டும்.

1968-லிருந்து குல்மார்க்கில் இயங்கும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இந்திய ஸ்கீ மற்றும் மலையேற்ற நிறுவனம் புதியவர்களுக்குப் பாடநெறி நடத்துகிறது. நிறுவனத்தில் இடம் கிடைத்தால் தனியாகப் பயிற்சியாளரைத் தேடி அலைவதைவிட அது மேல். இந்த மலையின் தரத்தில் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான், இந்தச் சரிவுகளில் பழகியவர்தான்.

உத்தராகண்டின் ஔலியும் நல்ல இடம். நந்தா தேவியை எதிரே பார்த்துக்கொண்டு சறுக்கலாம். ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகளில் விரிசல் விட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வே நிறுத்தப்பட்டது. கிளம்பும் முன் சாலை, லிஃப்ட் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு துபாய் மால் ஆஃப் தி எமிரேட்ஸில் 2005-இல் திறந்த உள்ளரங்கு ஸ்கீ மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் நீளமான தடமே 400 மீட்டர்தான். இதை ஒரு மலைப்பயணத்துக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். ஆனால் பெரிய பயணத்துக்கு முன் இரண்டு வகுப்புகளை அங்கே முடித்துவிட்டால், மலையில் முதல் இரண்டு நாள் மிச்சம்.

ஆல்ப்ஸ் என்றால் புதியவர்களோடு போகும் குடும்பத்துக்கு பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குகளைச் சொல்வேன். கூர்ஷவெல், மெரிபெல், வால் தொரான்ஸ் எல்லாம் இணைந்து ஒரே லிஃப்ட் பாஸில் 600 கிலோமீட்டர் தடம். குழந்தைகள் மெரிபெல் ஆல்டிபோர்ட் பக்கத்துப் பச்சைத் தடங்களில் பழகும்போது, வீட்டில் நன்றாகச் சறுக்குகிறவர் காலையில் கிளம்பி மூன்று பள்ளத்தாக்கையும் சுற்றிவிட்டு மாலை தேநீருக்குத் திரும்பிவிடலாம்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் அழகில் தனி ரகம். ஊருக்குள் பெட்ரோல் கார் கிடையாது. டேஷ் வரை காரில் வந்து, அதன்பின் ரயில்தான். நிலையத்தை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால் 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் சிகரம் கண் முன்னே நிற்கிறது. 3,883 மீட்டர் உயர கிளைன் மேட்டர்ஹார்ன் நிலையத்தை ஒட்டிய பனியாற்றில் ஆண்டு முழுவதும் சறுக்குகிறார்கள். நடுத்தர நிலையில் இருப்பவருக்கு அங்கிருந்து எல்லை தாண்டி இத்தாலியின் செர்வினியாவுக்கு இறங்கி, மதியச் சாப்பாடு முடித்துவிட்டுத் திரும்புவது மறக்க முடியாத நாளாக இருக்கும். அதற்கு இரு நாட்டுக்குமான பாஸ் வேண்டும். பாஸ்போர்ட்டும் பையில் இருக்கட்டும். முக்கியமாக, திரும்பும் கடைசி லிஃப்ட் நேரத்தையும் காற்று எச்சரிக்கையையும் கவனியுங்கள். லிஃப்டை விட்டுவிட்டால் சாலை வழியாக மலைத்தொடரையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். புதியவர்கள் செர்மாட் போனால் சுன்னெக்கா பக்கத்துப் பயிற்சிச் சரிவிலேயே முதல் நாட்களைக் கழியுங்கள். சுவிட்சர்லாந்தில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளி ஸ்கீ முகாமிலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மாமா, சித்தப்பா குடும்பம் அங்கே இருந்தால் அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள். குறைந்த செலவில் பகலில் போய்த் திரும்பும் சிறு ஊர்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிரான்சின் ஷாமோனியில்தான் 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. 3,842 மீட்டரில் இருக்கும் எகுய் து மிதி நிலையத்துக்கு ரோப்காரில் ஏறுவது ஸ்கீ தெரியாதவர்களுக்கும் பெரிய அனுபவம். அங்கிருந்து பனியாற்றின் மேல் சுமார் 20 கிலோமீட்டர் இறங்கும் வலே பிளான்ஷ் பாதையைப் பலரும் வாழ்நாள் கனவாக வைத்திருக்கிறார்கள். அது தடமே இல்லை. பனிப்பிளவுகள் நிறைந்த பனியாறு. நன்றாகச் சறுக்கத் தெரிந்திருந்தாலும் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

ஆஸ்திரியாவின் சாங்ட் ஆன்டனில் ஹன்னஸ் ஷ்னைடர் 1921-இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஸ்கீ கற்பிக்கும் முறைக்கு அடித்தளம் போட்டது. சூரிச்–இன்ஸ்ப்ருக் ரயில் ஊருக்குள்ளேயே நிற்கும். ஆனால் அதன் நீலத் தடங்களே கடினம். அதே ஆர்ல்பெர்க் பாஸில் பக்கத்து லெஹ் (Lech) ஊர் மென்மையானது.

இரண்டாம் பயணத்துக்கு என் மனதுக்குப் பிடித்தது இத்தாலியின் டோலமைட்ஸ். 12 பகுதிகள், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தடம், ஒரே பாஸ். அதில் செல்லா ரோண்டா என்ற சுற்றுப்பாதை ஒரு மலைக்கூட்டத்தையே வலம் வந்து, நாலு கணவாய்களைக் கடந்து, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடும். சிவப்புத் தடத்தை நிதானமாக இறங்கத் தெரிந்தால் போதும், ஒரே நாளில் சுற்றிவிடலாம். சைவச் சாப்பாட்டுக்கும் ஆல்ப்ஸில் இதுவே வசதி.

நிசேகோவில் நாலு ரிசார்ட்டுகள் ஒரே மலையில் இணைந்திருக்கின்றன. ஆங்கிலம் பேசும் பயிற்சியாளர்கள் கிடைப்பார்கள், இரவில் விளக்கொளியில் சறுக்கலாம், முடித்ததும் வெந்நீர் ஊற்றில் உட்காரலாம். நியூ சிடோசே விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரம். அறை வாடகை மிக அதிகம். ஹொக்கைடோவிலேயே ஃபுரானோ கூட்டம் குறைவான மாற்று. சைவர்கள் கவனியுங்கள்: காய்கறி சூப் என்று தருவதிலும் மீன் வடிநீர் இருக்கும். தங்கும் இடத்தில் சமையலறை இருக்கும்படி பாருங்கள்.

கனடாவின் விஸ்லர் பிளாக்கோம்ப் வான்கூவரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். 2010 ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. இரண்டு மலைகளை இணைக்கும் 4.4 கிலோமீட்டர் கொண்டோலா 2008-இல் திறந்தது. அடிவாரம் தாழ்வானது என்பதால் கீழே மழை பெய்யும் நாளில் மேலே பனி கொட்டும். வானிலையை உச்சிக்குப் பாருங்கள். டொராண்டோவில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்தில் எட்டும் புளூ மௌண்டனில் பழகிவிட்டு விஸ்லருக்குப் பறப்பது மேல்.

அமெரிக்காவில் ஆஸ்பென் போனால் ஒரே டிக்கெட்டில் நாலு மலைகள். ஊரை ஒட்டிய ஆஸ்பென் மலையில் பச்சைத் தடமே கிடையாது. பட்டர்மில்க் மலைக்குப் போங்கள். தெற்கே நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனில் தங்கினால் கொரோனெட் பீக், ரிமார்க்கபிள்ஸ் இரண்டுக்கும் தினமும் வண்டியில் போய் வரலாம்.

படி 5: செலவைப் பிரித்துப் போடுங்கள்

விமானம், அறை என்று மட்டும் கணக்குப் போட்டால் அங்கே போய் திகைப்பீர்கள். லிஃப்ட் பாஸ், கருவி வாடகை, வகுப்பு, உடை, மலைமேல் சாப்பாடு ஆகிய ஐந்தையும் தனித்தனியே எழுதுங்கள். கொலராடோவின் வேல் (Vail) ரிசார்ட்டில் கவுண்டரில் வாங்கும் ஒருநாள் டிக்கெட்டே 300 டாலரைத் தாண்டிவிட்டது. பனிக்காலம் தொடங்கும் முன்பே எபிக், ஐகான் போன்ற பருவ பாஸ்களை வாங்குகிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி மிச்சம். புதியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முதல் இரண்டு நாள் முழு பாஸ் தேவையே இல்லை. பல ரிசார்ட்டுகளில் பயிற்சிச் சரிவு லிஃப்டுக்கு இலவசமோ குறைந்த கட்டணமோதான். வகுப்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நண்பர் சொல்லித்தருவார் என்று நம்பிப் போவது கடைசியில் நட்பையும் கெடுக்கும், முழங்காலையும் கெடுக்கும்.

படி 6: விசாவும் காப்பீடும்

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி நாலுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை எடுத்துவிட்டோமே என்று நிம்மதி அடையாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனி விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். மலைமீட்பும் ஹெலிகாப்டரும் ஆல்ப்ஸில் பெரும்பாலும் கட்டணச் சேவைகள். தொகை சாதாரணமாக இருக்காது. குளிர்கால விளையாட்டு, மீட்புச் செலவு, மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயம் என்ற மூன்றும் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: ஸ்கீ பூட்ஸுக்கு நேரம் கொடுங்கள்

ஜீன்ஸ், பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய கம்பளி, நடுவே ஃப்ளீஸ், மேலே நீர் புகாத ஜாக்கெட். கையுறை, ஹெல்மெட், காகிள்ஸ், சன்ஸ்கிரீன். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கறுப்பான தோலையும் பொசுக்கும்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு மெல்லிய நீளச் சாக்ஸ் போட்டு ஸ்கீ பூட்ஸில் காலை நுழைத்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்சுவரை இலேசாகத் தொட வேண்டும். கொக்கிகளை மாட்டி முழங்காலை முன்னால் மடக்கினால் விரல்கள் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழக்கூடாது. வசதியாக லூசாக இருக்கிறது என்று பெரிய பூட் எடுப்பவர்கள் அதிகம். கால் உள்ளே ஆடினால் பலகை உங்கள் பேச்சைக் கேட்காது. இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் குளிரும். பலகை தாடை உயரத்துக்குப் போதும். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பைண்டிங்கை உங்கள் எடை, உயரம், வயது, திறமையை வைத்துக் கடைக்காரர் அமைப்பார். அங்கே எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்லக்கூடாது.

படி 8: முதல் மூன்று நாட்கள்

முதல் நாள் ஒற்றைப் பலகையில் நடப்பது, பக்கவாட்டில் விழுவது, எழுவது. பிறகு பலகைகளின் முனைகளை நெருக்கி, வால்களை அகற்றி, ஆப்பு வடிவத்தில் வைத்து வேகம் குறைப்பது. குழந்தைகளுக்கு இதை பிட்சா துண்டு என்று சொல்லித்தருவார்கள். பயம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். எடை பின்னால் போனதும் பலகையின் முன்பாதி பிடி இழந்து, வேகம் கூடும், பயமும் கூடும். முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அழுத்தம் இருந்தால் நிறுத்த முடியும்.

இரண்டாம் நாள் திரும்புவது. வலப்பக்கம் போக இடது காலில் எடை. மூன்றாம் நாள் நாற்காலி லிஃப்ட். இறங்குமிடம் வரும்போது பலகை முனைகளைத் தூக்கி, தரை பட்டதும் எழுந்து, நேராகச் சறுக்கி, உடனே ஓரம் போய்விடுங்கள். இறங்கிய இடத்திலேயே நின்றால் பின்னால் வருபவர் மோதுவார். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே தோப்புக்கரணமும் படி ஏறுதலும் பழகியிருந்தால், மூன்றாம் நாள் மதியம் தொடை நடுங்காமல் இருக்கும்.

படி 9: மலையின் விதிகள்

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு பத்து விதிகள் வகுத்திருக்கிறது. கட்டாயம் மனதில் இருக்க வேண்டியவை: உங்களுக்கு முன்னால் கீழே போகிறவருக்கே முன்னுரிமை, குறுகலான இடத்திலும் மறைவான வளைவிலும் நிற்கக்கூடாது, கிளம்பும் முன் மேலே பார்க்க வேண்டும், விபத்தைக் கண்டால் நின்று உதவ வேண்டும்.

கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே போகாதீர்கள். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் நிகழ்கின்றன; சறுக்க ஆசை காட்டுவதும் அதே சரிவுகள்தான். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் வெளிநாட்டு ஸ்கீயர் ஒருவர் பனிச்சரிவில் உயிரிழந்தார். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுப்பதில்தான் உயிர் இருக்கிறது. அதற்கு ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, நீளக் குச்சி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் தினமும் ஆபத்து நிலையை 1 முதல் 5 வரை அறிவிப்பார்கள். நிசேகோவில் திறந்திருக்கும் வாயில்கள் வழியாக மட்டுமே வெளியே போகலாம். கயிற்றுக்கு அடியில் புகுந்தால் பாஸைப் பறித்துவிடுவார்கள்.

முதல் வாரம் முடிந்து நீலத் தடத்தை நடுவில் நிற்காமல் இறங்க முடிந்தால், அடுத்த ஆண்டுக்கு டோலமைட்ஸ் அல்லது மூன்று பள்ளத்தாக்குகளை எடுங்கள். சிவப்புத் தடம் பழகிய பிறகு செர்மாட், விஸ்லர். தூள்பனிக்காக நிசேகோ போக விரும்புகிறவர்கள் ஆழமான பனியில் ஒருநாள் தனி வகுப்பு எடுத்துவிட்டு இறங்குங்கள். அமுக்கிய தடத்தில் கற்றது அங்கே அப்படியே உதவாது. ஜனவரிப் பயணத்துக்கு செப்டம்பரிலேயே அறையும் வகுப்பும் பதிவு செய்துவிடுங்கள். நல்ல பயிற்சியாளர்கள்தான் முதலில் தீர்ந்துபோவார்கள்.